ஓடு பிரிக்கும் முன்னே டிராக்டரைப் பேசுங்க



பங்குனி, சித்திரை வந்துவிட்டால் நமது கிராமங்களில் கூரை வேலை தொடங்கிவிடும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று சீட்டைத் தூக்குவதற்கு முன்னால், ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். குழுவில் உள்கடன் கேட்கும்போது, பிள்ளைங்க படிப்பு, மருத்துவச் செலவுக்கு அடுத்தபடியாக நான் அதிகம் கேட்கும் காரணம், "கூரை மாத்தணுங்க மேடம்" என்பதுதான்.

கடன் மனுவில் என்ன எழுதுவோம்? சிமெண்ட் இத்தனை மூட்டை, கம்பி இத்தனை கிலோ, சீட்டு இத்தனை, கொத்தனார் கூலி, சித்தாள் கூலி. ஒரு வரி மட்டும் அதில் இருக்காது. பிரித்த பழைய ஓடும், உடைந்த சீட்டும், இடிந்த சுவர் மண்ணும் எங்கே போகும், யார் எடுத்துப் போவார்கள், அதற்கு என்ன ஆகும் என்ற வரி. இந்த இதழின் பாடம் அந்த ஒரு வரியைப் பற்றியது.

இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. நமது உறுப்பினர் ஒருவர், கணவர் இல்லாதவர், பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டும் வேலைக்குப் போகிறவர். ஓட்டு வீட்டைப் பிரித்து சீட்டு போடக் குழுவில் கடன் கேட்டார். திட்டம் சரியாக இருக்கிறது என்று பரிந்துரை எழுதியது நான். "வேஸ்ட் ரெண்டு நடையில போயிரும்"னு கொத்தனார் சொல்லியிருந்தார். ஓட்டைப் பிரித்து விட்டத்தை இறக்கினார்கள். பழைய மண் சுவர், கறையான் அரித்தது. ஒரு பக்கம் சரிந்தது, இன்னொரு பக்கத்தை விட்டால் ஆபத்து என்று அவர்களே இடித்தார்கள். இரண்டு நடை ஏழு நடையானது. சீட்டு வாங்க எடுத்து வைத்த பணத்தில் டிராக்டர் வாடகை போனது. பன்னிரண்டு நாள் தார்ப்பாய்க்குக் கீழே குடும்பம் நடத்தினார்.

அதோடு முடியவில்லை. டிரைவர் ராத்திரி நேரத்தில் ஊருக்கு வெளியே ஓடையில் கொட்டிவிட்டுப் போய்விட்டார். கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்தது. ஓடை அடைத்து, தண்ணீர் திரும்பி கீழ்த்தெரு வீடுகளுக்குள் வந்தது. ஊர்க்காரர்கள் டிரைவரைக் கேட்கவில்லை. "உங்க வூட்டு மண்ணுதானே" என்று இந்த அக்கா வாசலில் வந்து நின்றார்கள். அவர் மறுபடி ஆள் வைத்து அள்ள வேண்டியதாயிற்று. அந்தக் கடன் மனுவில் என் கையெழுத்தும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கூரை லேசு, சுவர்தான் பாரம்

எத்தனை நடை வரும் என்பதை நாமே கணக்குப் போட முடியும். மணல், ஜல்லி வாங்கும்போது "ஒரு யூனிட்" என்று கேட்கிறோம் அல்லவா? ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கினால் கன அடி வரும். அதை 100ஆல் வகுத்தால் யூனிட். கொட்டப் போகிற பொருளுக்கும் இதே கணக்குதான்.

முதலில் ஓடு. சீமை ஓடு 100 சதுர அடிக்குச் சுமார் 150 பிடிக்கும். ஒரு ஓடு இரண்டிலிருந்து மூன்று கிலோ இருக்கும். உங்கள் கூரை, சரிவையும் தாழ்வாரத்தையும் சேர்த்து 400 சதுர அடி என்றால் 600 ஓடு. இரண்டரை கிலோ வீதம் போட்டால் ஒன்றரை டன். கேட்க அதிகமாகத் தெரியும். ஆனால் எல்லாம் உடைந்தே போனாலும் குவித்தால் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். ஒரு டிரெய்லரில் பாதி.

இப்போது சுவரைப் பாருங்கள். 20 அடி நீளம், 8 அடி உயரம், ஒன்றேகால் அடி கனம் உள்ள ஒரே ஒரு மண் சுவர். பெருக்கினால் 200 கன அடி. நிற்கும்போது 200. இடித்தால் கட்டியும் தூளுமாக இடைவெளி விழுந்து மூன்றில் ஒரு பங்காவது கூடிவிடும். அப்போது 260, 270 கன அடி. ஏறக்குறைய மூன்று டிரெய்லர். எடையும் ஒன்பது, பத்து டன் வரும். அந்த அக்கா வீட்டில் கொத்தனார் தப்பாகச் சொல்லவில்லை. கூரைக்கு மட்டும் இரண்டு நடை என்பது தாராளம். சுவர் நிற்குமா என்று யாரும் தட்டிப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகவே ஓட்டில் கை வைக்கும் முன்பு கொத்தனாரைச் சுவரைச் சுற்றி வரச் சொல்லுங்கள். விட்டம் உட்கார்ந்திருக்கிற இடம், மழைத் தண்ணீர் இறங்கிய மூலை, கறையான் மண் ஏறிய இடம் எல்லாம் பார்த்து, எந்தச் சுவர் நிற்கும், எது போகும் என்று வாயைத் திறந்து சொல்லட்டும். போகும் என்று சொன்ன சுவரை டேப் பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அரசு வீடு கட்டுகிறவர்களுக்கும் இது உண்டு. 2024ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்று அறிவித்தார்கள். அந்தத் தொகை வேலை ஏற ஏறத் தவணையாகத்தான் வரும். குடிசையைப் பிரித்து இடத்தைச் சுத்தம் செய்கிற செலவு முதல் தவணைக்கு முன்பே வந்து நிற்கும். அது கைக்காசு.

எதை விற்கலாம், எதை வைத்துக்கொள்ளலாம்

வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் குறைக்க முடிந்ததைக் குறையுங்கள். மங்களூர் ஓடு என்று நாம் சொல்வது 1865ல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சங்கத்தார் தொழிற்சாலை வைத்துச் செய்யத் தொடங்கியது. அந்தக் காலத்து ஓட்டின் பின்பக்கம் கம்பெனி பெயர் அச்சடித்திருக்கும். உங்கள் வீட்டிலும் திருப்பிப் பாருங்கள். நல்ல பழைய ஓட்டுக்கு இன்றும் ஆள் உண்டு. தோட்டத்து வீடு, ரிசார்ட் கட்டுகிறவர்கள் தேடி வாங்குகிறார்கள். மாட்டுக்கொட்டாய்க்குக் கேட்கிற பக்கத்துத் தோட்டத்துக்காரரும் இருப்பார். ஆனால் மேலிருந்து வீசினால் பாதி உடையும். ஏணியில் ஒருவர், கீழே ஒருவர் நின்று கைமாற்றி இறக்க வேண்டும். அதற்கு ஒரு ஆள் கூலி கூடினாலும் ஓடு விற்கிற பணத்தில் வந்துவிடும்.

பனங்கை, ரீப்பர், விட்டம் எல்லாவற்றையும் தனியாக அடுக்குங்கள். ஆணியைப் பிடுங்கிவிட்டு அடுக்குவது முக்கியம், பிள்ளைகள் ஓடுகிற வாசல். கறையான் அரித்தது விறகுக்கு. உடைந்த ஓட்டுச் சில்லை வாசல் மேடாக்க, கக்கூஸ் போகிற வழியில் சேறு படாமல் இருக்க, தளம் போடுமுன் அடியில் இடித்துப் போட வைத்துக்கொள்ளலாம். மண் சுவரின் மண்ணும் வீணில்லை. புது அஸ்திவாரத்துக்குள் நிரப்ப மண் வேண்டும், அதற்குப் போய் நாலு யூனிட் கிராவல் விலைக்கு வாங்குகிறோம். கறையான் புற்று இல்லாத மண்ணாகப் பார்த்து உள்ளேயே தள்ளினால் போகிற நடையும் மிச்சம், வருகிற நடையும் மிச்சம்.

வண்டி பேசும் விதம்

அமெரிக்காவில் கூரை மாற்றுகிறவர்கள் முதலில் செய்வது ஒரு பெரிய இரும்புத் தொட்டியை வாடகைக்கு எடுப்பது. லாரி வந்து வாசலில் தொட்டியை இறக்கிவிட்டுப் போய்விடும். வேலை நடக்க நடக்க அதில் போடுவார்கள். நிறைந்ததும் லாரி வந்து தொட்டியோடு தூக்கிப் போகும். டென்னசி மாநிலத்தில் நாக்ஸ்வில் ஊரைச் சேர்ந்த டெம்ப்ஸ்டர் என்பவரின் குடும்பக் கம்பெனி 1930களில் கொண்டு வந்த முறை இது. அவர் பெயரை வைத்தே அதற்கு "டம்ப்ஸ்டர்" என்று பெயராகிவிட்டது. அங்கே 10 கன கெஜத் தொட்டி, 20 கன கெஜத் தொட்டி என்று கேட்பார்கள். ஒரு கன கெஜம் 27 கன அடி. ஆகப் பத்து கன கெஜம் என்பது நம் கணக்கில் 2.7 யூனிட், நமது ஒரு சுவர்.

அந்தத் தொட்டி நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். நம்மிடமே அது இருக்கிறது, டிராக்டர் டிரெய்லர்தான். நாம் அதை அப்படிப் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான். டிராக்டர் வந்து வாசலில் நிற்கும், இரண்டு பேர் சட்டியில் அள்ளிப் போட ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஆகும். டிரைவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் நம்மிடம் வாடகை. அவசரப்படுத்தினால் விற்க வேண்டிய ஓடும் சேர்ந்து மேலே போய்விடும். "டிரெய்லரைக் கழட்டி விட்டுட்டுப் போங்க அண்ணா, ரொம்பினதும் போன் பண்றோம்" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு டிரெய்லர் வைத்திருப்பவர் ஒத்துக்கொள்வார். அவருக்கும் டிராக்டர் வேறு வேலைக்குப் போகும்.

கழட்டிவிட்ட டிரெய்லரில் ஒரு ஆபத்து உண்டு. இரண்டு சக்கர டிரெய்லர் என்றால் பின்பக்கமாகப் பாரம் ஏற்றினால் முன்பக்கம் எகிறிவிடும். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, முன்பக்கம் ஸ்டாண்டில் அசையாமல் நிற்கிறதா என்று டிரைவர் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். பாரத்தை நடுவிலிருந்து ஏற்ற வேண்டும். பிள்ளைகளை அதன் மேல் ஏறி விளையாட விடக்கூடாது.

அளவில் ஏமாறக்கூடாது. டிரெய்லர் எல்லாம் ஒரே அளவு கிடையாது. 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி பலகை என்றால் 120 கன அடி. பலகை ஒன்றரை அடி என்றால் 90தான். இரண்டையுமே "ஒரு யூனிட்"டுன்னு சொல்வார்கள். ஐந்து நடைக்கு 150 கன அடி வித்தியாசம் வரும், ஒரு நடைக்கும் மேலே. அளந்து பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். துணிக்கடையில் மீட்டர் பார்க்கிறோம், கம்பெனியில் பீஸ் கணக்குப் பார்க்கிறோம், இதில் என்ன வெட்கம்?

நடைக் கணக்கா, நாள் வாடகையா என்பதையும் முன்னாலேயே பேச வேண்டும். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: நடைக்கு 1,000 ரூபாய், நாளுக்கு 3,500 ரூபாய். மூன்று நடை என்றால் நடைக் கணக்கு லாபம். ஐந்து நடை என்றால் நாள் வாடகை லாபம். அதனால்தான் சுவரை முதலில் அளக்கச் சொன்னேன். ஏற்றுகூலி யாருடையது, இறக்குகிற இடம் எது, அது எத்தனை கிலோமீட்டர், காத்திருந்தால் தனிக் காசா என்பதையும் கேட்டு, டிரைவர் முன்னாலேயே ஒரு தாளில் எழுதுங்கள். லோடு மேல் ஏறி உட்கார்ந்து யாரும் போக வேண்டாம். சரக்கு டிரெய்லர் ஆள் ஏற்றுவதற்கு இல்லை, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைக்காமல் அலைய நேரும்.

சிமெண்ட் சீட்டு விஷயம் வேறு

லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற சகோதரிகள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். திருப்பூரைச் சுற்றி வரிசை வரிசையாக நிற்கும் லைன் வீடுகள் பலவற்றுக்கும் கூரை ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுதான். ஆஸ்பெஸ்டாஸ் என்பது கல்நார், கல்லிலிருந்து எடுக்கும் நார். அதைச் சிமெண்டோடு கலந்து சீட்டு செய்கிறார்கள்.

கூரை மேல் முழுதாக இருக்கும்வரை அதனால் தொந்தரவு குறைவு. உடைக்கும்போது, அறுக்கும்போது, துளை போடும்போது கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறக்கும். பனியன் கம்பெனியில் பறக்கிற பஞ்சு நமக்குத் தெரியும், மூக்கில் ஏறினால் தும்முவோம், தலையில் ஒட்டினால் தட்டிவிடுவோம். கல்நார் அப்படிக் காட்டிக் கொடுக்காது. நுரையீரலில் போய்ப் படிந்தால் வெளியே வராது. இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்து மூச்சிரைப்பாகவும், நுரையீரல் புற்றாகவும், நெஞ்சுக்கூட்டின் உறையில் வரும் புற்றாகவும் காட்டும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் தடை. நம் நாட்டில் கல்நாரை இறக்குமதி செய்து சீட்டு செய்வதற்குத் தடை வரவில்லை, அதனால் கடையில் கிடைக்கிறது. கல்நார் சேராத சீட்டும் வந்திருக்கிறது. புதிதாக வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

பழையதை இறக்கும்போது கடப்பாரையால் குத்தி உடைத்துக் கீழே தள்ளுவதுதான் நம் ஊர் வழக்கம். சீக்கிரம் முடியும், டிரெய்லரிலும் அடங்கும். அதைத்தான் செய்யக்கூடாது. முதலில் ஓஸ் பைப்பில் தண்ணீர் தூவிச் சீட்டை நன்றாக நனைக்க வேண்டும். துருப்பிடித்த ஜே போல்ட்டை ஸ்பேனர் போட்டுக் கழட்டலாம், வரவில்லை என்றால் போல்ட் கட்டரால் வெட்டலாம். கிரைண்டர் மிஷின் வேண்டாம். சீட்டை முழுதாக இறக்க வேண்டும். பத்தடி சீட்டு 40 கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு பேர் மேலே, இரண்டு பேர் கீழே வேண்டும். சீட்டின் மேல் நேராகக் காலை வைக்கவே கூடாது, பழைய சீட்டு உடைந்து உள்ளே விழுந்து செத்தவர்கள் உண்டு. கட்டைக்குக் கட்டை பலகை போட்டு அதன் மேல்தான் நிற்க வேண்டும்.

மூக்கில் துண்டு கட்டினால் கல்நார் நிற்காது. கொரோனா காலத்து நீல மாஸ்க்கிலும் நிற்காது. பாதுகாப்புச் சாமான் விற்கும் கடையில் "எஃப்.எஃப்.பி.3" அல்லது "பி-100" என்று அச்சடித்த மாஸ்க் கேளுங்கள். மாஸ்க் போட்டாச்சு என்று உடைக்கவும் ஆரம்பிக்காதீர்கள். குடியிருப்பவர்களையும் பிள்ளைகளையும் அன்றைக்குத் தள்ளி அனுப்பிவிடுங்கள். தூளை விளக்குமாறு போட்டுப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பாலிதீனில் கட்டிவிட வேண்டும். வேலை செய்தவர் துணியைப் பிள்ளைகள் துணியோடு ஊற வைக்காதீர்கள். சித்தாள் வேலைக்குப் போகிற சகோதரிகளே, தூசியைப் பெருக்கச் சொல்லி உங்களைத்தான் கூப்பிடுவார்கள். தண்ணீர் கேளுங்கள், இல்லாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள்.

இறக்கிய சீட்டை மண்ணோடு, ஓட்டோடு ஒரே டிரெய்லரில் போடக்கூடாது. முழுச் சீட்டை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, தடிமனான பாலிதீன் தாளால் சுற்றிக் கட்டி, ஆடு மாடு மிதிக்காத மூலையில் வையுங்கள். உடைந்த துண்டுகளை இரட்டைப் பையில் போட்டுக் கட்டி அதனோடு வையுங்கள். துண்டை இடித்து வாசலில் போடுவது, பாத்திரம் தேய்க்கிற இடத்தில் பதிப்பது எல்லாம் கூடாது. திருப்பூரில் மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகம் இருக்கிறது. எங்கே ஒப்படைப்பது என்று அங்கே எழுத்தில் கேட்கலாம். ஒரு வீட்டுக்காரர் தனியாகக் கேட்பதைவிட, எங்கள் ஊரில் இத்தனை லைன் வீடு, இத்தனை சீட்டு என்று கூட்டமைப்பு லெட்டர்பேடில் போனால் பதில் வரும்.

எங்கே கொட்டுவது?

ஓடையில் கூடாது, குளத்தில் கூடாது, ரோட்டோரம் கூடாது. கட்டடக் கழிவுக்கென்று 2016ல் மத்திய அரசு விதி போட்டது. இடிக்கிறவர்தான் பொறுப்பு, வேறு குப்பையோடு கலக்கக்கூடாது, தன் இடத்துக்குள் வைக்க வேண்டும் அல்லது உள்ளாட்சி காட்டுகிற இடத்தில் சேர்க்க வேண்டும், போக்குவரத்தையோ சாக்கடையையோ அடைக்கக்கூடாது என்பது அதன் சாரம். 2025ல் அதற்குப் பதிலாகப் புதிய விதிகள் அறிவித்தார்கள், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று. அதில் பெரிய கட்டுமானக் கம்பெனிகளுக்குத்தான் கூடுதல் பொறுப்பு. நாம் ஊராட்சிச் செயலரைக் கேட்டு இடம் தெரிந்துகொண்டால் போதும்.

"பாறைக்குழியில தட்டிரலாம் மேடம், யாரு கேக்கறா?" என்று ஒரு டிரைவர் என்னிடமே சொன்னார். கல்லெடுத்து விட்டுப்போன குழிகள் நம் பக்கம் நிறைய. 2025ல் மாநகராட்சிக் குப்பையைப் பாறைக்குழிகளில் கொட்டுவதை எதிர்த்து நம் கிராமத்து மக்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள், நம் உறுப்பினர்களும் உட்கார்ந்தார்கள். நிலத்தடி நீர் கெடுகிறது என்றுதான் போராட்டம். நம் வீட்டு வேஸ்ட்டுக்கு மட்டும் வேறு நியாயம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுத்தமான மண்ணும் ஓட்டுச் சில்லும் தேவைப்படுகிற இடம் ஊருக்குள்ளேயே இருக்கும். பள்ளமான மனை வைத்திருப்பவர், தோட்டத்து வண்டிப்பாதை மேடாக்க வேண்டியவர் யாராவது கேட்பார். அவர் சம்மதத்தை வாங்கிவிட்டு டிரைவரிடம் இடத்தைக் காட்டுங்கள். முதல் நடையில் உங்கள் வீட்டு ஆள் ஒருவர் டிவிஎஸ்ஸில் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். கடைசி நடையை இறக்கியதைப் பார்த்த பிறகு முழு வாடகையைக் கொடுங்கள்.

ஒரே மாதத்தில் இரண்டு மூன்று பேர் கூரைக் கடன் கேட்டால், குழுவாகவே ஒரு டிராக்டரை நாள் வாடகைக்குப் பேசலாம். காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு. செலவை நடைக் கணக்கில் பிரித்துக்கொள்ளலாம். இப்போது நான் பரிந்துரை எழுதும் கூரைக் கடன் மனுக்களில் "கழிவு அகற்ற" என்று ஒரு வரி இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், ஊக்குநர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு யாராவது ஒருவர் டேப் கொண்டு வாருங்கள். உங்கள் ஊரில் யார் யாரிடம் டிரெய்லர் இருக்கிறது, அதன் நீளம், அகலம், பலகை உயரம் என்ன, கழட்டி விட்டுப் போவார்களா, நடைக்கு எவ்வளவு, நாளுக்கு எவ்வளவு என்று கேட்டு, தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் நான் வரும்போது அந்தப் பக்கத்தைப் பார்ப்பேன்.